காற்றுக் குழாய் தேவைப்படாத விமானம்: 787-உடன் 11 ஆண்டுகள்

வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்றில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் ஏர்பஸ் ஏ320, அதன்பின் 11 ஆண்டுகளாகப் போயிங் 787. இந்த விமானத்தின் எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியும் பெரிய ஜன்னல்களைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். தரையில் நின்று அதற்கு மின்சாரம் கொடுத்து, எஞ்சினைக் கிளப்பி அனுப்பி வைக்கிறவனின் அனுபவம் வேறு. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஏ320-இன் எஞ்சினைக் காற்றுதான் சுழற்றிவிடுகிறது. வாலில் இருக்கும் ஏபியு என்ற சிறிய எஞ்சின் அழுத்தக் காற்றை அனுப்பும். அது ஸ்டார்ட்டரைச் சுழற்றும். போதிய வேகம் வந்ததும் எரிபொருள் பற்றிக்கொள்ளும். ஏபியு பழுதானால் தரையிலிருந்து அழுத்தக் காற்று தரும் ஏர் ஸ்டார்ட் யூனிட்டை வரவழைக்க வேண்டும். தொடைப் பருமனுள்ள குழாயை இழுத்துப் போய் விமானத்தின் அடிவயிற்றில் மாட்ட வேண்டும். ஆகஸ்ட் மாதப் பகலில் அந்தக் குழாயைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. காதடைப்பானையும் மீறி அந்த யூனிட்டின் இரைச்சல் மண்டைக்குள் போகும்.

அதைவிட நான் அஞ்சியது, ஸ்டார்ட்டருக்குக் காற்றை விடும் ஸ்டார்ட் வால்வு திறக்காத நாட்களைத்தான். எஞ்சின் கவசத்திலுள்ள சிறு துளை வழியாகக் கருவியைச் செருகி, விமானி ஹெட்செட்டில் சொல்லச் சொல்ல வால்வைக் கையால் திறந்து பிடித்திருக்க வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் எஞ்சின் உயிர் பெற்று உறுமும். பலமுறை செய்திருக்கிறேன். ஒருமுறைகூட அது பழகிப் போகவில்லை.

787-இல் அந்தக் குழாயை மாட்ட இடமே கிடையாது. எஞ்சின் முகப்பில் பனி படியாமல் காப்பதற்கு மட்டும் எஞ்சினின் சூடான காற்று பயன்படுகிறது. மற்ற எல்லாம் மின்சாரம். ஒவ்வொரு எஞ்சினிலும் 250 கேவிஏ (மின்திறனின் அளவு) திறனுள்ள இரண்டு ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. முதலில் அவை மோட்டாராக நின்று எஞ்சினைச் சுழற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும். ஏபியுவில் 225 கேவிஏ வீதம் இன்னும் இரண்டு. மொத்தம் 1,450 கேவிஏ. ஏ320-இல் எஞ்சினுக்கு ஒரு 90 கேவிஏ ஜெனரேட்டர்தான் என்பதை நினைத்தால் வித்தியாசம் புரியும்.

இத்தனை ஆண்டுகளில் இந்த ஸ்டார்ட் முறை என் மதிப்பை முழுமையாகப் பெற்றுவிட்டது. வேகம் படிப்படியாக, திமிறல் இல்லாமல் ஏறுகிறது. ஸ்டார்ட்டுக்கு மோட்டார்களை ஓட்டும் அதே கன்ட்ரோலர்கள், எஞ்சின் ஓடத் தொடங்கியபின் கேபினுக்குக் காற்று அழுத்தும் கம்ப்ரசர்களை ஓட்டப் போய்விடுகின்றன. ஒரே பெட்டி இரண்டு வேலை பார்க்கிறது. அதை வடிவமைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஏபியு பழுதான நாளில் முழுப் பாரமும் தரை மின்சாரத்தின் மேல் விழுகிறது. என் மனக்குறை தொடங்குவது இங்கேதான். 787-க்கு மூன்று வெளி மின் இணைப்புகள் உண்டு. அவற்றில் இரண்டு மூக்கின் இடப்பக்கம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், 90 கேவிஏ. விளக்குகளுக்கும் கணினிகளுக்கும் ஒரு கேபிள் போதும். எஞ்சினைச் சுழற்ற ஒன்று போதாது.

கேபிளின் முனையிலிருக்கும் ரப்பர் தலையைத் திருப்பிப் பாருங்கள். ஆறு துளைகள் தெரியும். நான்கு பெரியவை, மூன்று ஃபேஸுக்கும் ஒரு நியூட்ரலுக்கும். மற்ற இரண்டும் சிறியவை. ‘ஈ’, ‘எஃப்’ என்று பெயர். விமானத்தின் பக்கம் இந்த இரண்டுக்கான பின்கள் மட்டும் குட்டையானவை. கேபிளை யாராவது அப்படியே பிடுங்கினாலும் இவைதான் முதலில் விடுபடும். உடனே மின்சாரம் துண்டிக்கப்படும். பெரிய பின்கள் வெளியே வரும்போது அவற்றில் மின்சாரம் இருக்காது. கையில் தீப்பொறி பறக்காமல் காப்பது இந்தச் சிறிய ஏற்பாடுதான். ஆனால் ஆயிரம் முறை மாட்டிக் கழற்றிய தலையில் அந்தச் சிறிய துளைகள் தளர்ந்துவிடும். தளர்ந்தால், கேபிள் சற்று அசைந்தாலே மின்சாரம் போய்விடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவு. ஏபியு வேலை செய்யவில்லை. பயணிகள் ஏறிவிட்டார்கள். இரண்டு கேபிள்கள் மாட்டியிருந்தோம். காக்பிட்டில் இரண்டுக்கும் ‘அவெய்ல்’ விளக்கு, அதாவது மின்சாரம் தயார் என்ற விளக்கு, எரிந்தது. கேபிள்கள் இடப்பக்கம் என்பதால் வலது எஞ்சினை முதலில் கிளப்பச் சொன்னேன். எஞ்சின் வேகம் ஏறிக்கொண்டிருந்தபோது இரண்டில் ஒன்று துண்டித்துக்கொண்டது. ஸ்டார்ட்டை நிறுத்தினார்கள். கேபினில் பாதி இருள். குழந்தைகள் அழுவது பிறகு திறந்த கதவு வழியாகக் கீழே வரை கேட்டது.

தலையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ‘எஃப்’ துளை பளபளவென்று தேய்ந்து அகன்றிருந்தது. ஃபேஸ் துளை ஒன்றின் ஓரம் சூட்டில் பழுப்பேறியிருந்தது. வேறொரு பேயிலிருந்து (விமானம் நிறுத்தும் இடத்தை ‘பே’ என்போம்) தரை மின்சாரம் தரும் ஜிபியு வண்டி வர 40 நிமிடம் ஆயிற்று. அதன்பின் எஞ்சின் ஒரே முயற்சியில் கிளம்பியது. கேபிள்களைக் கழற்றி, விமானத்தைப் பின்னே தள்ளி, வலது எஞ்சினின் மின்சாரத்தாலேயே இடது எஞ்சினைக் கிளப்பி அனுப்பினோம்.

அன்று எனக்கு நன்றாக உறைத்தது: வோல்டேஜும் ஹெர்ட்ஸும் சரியாக இருக்கின்றன என்பதை மட்டுமே ‘அவெய்ல்’ விளக்கு சொல்கிறது. பளு ஏறும்போது அந்த இணைப்பு தாங்குமா என்பதை அது சொல்லாது. காற்றுக் குழாயில் கசிவிருந்தால் ஸ்டார்ட் மெதுவாகும், அவ்வளவுதான். இங்கே இணைப்பு இருக்கும், அல்லது இருக்காது. விமானம் இவ்வளவு தூரம் முன்னேறிவிட்டது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் ரப்பர் தலையை மட்டும் கிழியும் வரை மாற்றாமல் வைத்திருப்பது எந்த வகையில் நியாயம்?

ஏபியு நலமாக இருந்தால் தரை மின்சாரமே இல்லாமல் இந்த விமானம் கிளம்பிவிடும். பேட்டரி ஏபியுவைக் கிளப்பும், ஏபியு எஞ்சின்களைக் கிளப்பும். 2013 ஜனவரியில் பாஸ்டனில் தீப்பிடித்தது அந்த ஏபியு பேட்டரிதான். சில நாட்களில் ஜப்பானில் இன்னொரு விமானத்தின் முதன்மை பேட்டரியிலும் கோளாறு ஏற்பட, உலகெங்கும் 787-கள் ஏப்ரல் வரை தரையில் நின்றன. அதன்பின் பேட்டரியை எஃகுப் பெட்டிக்குள் வைத்து, புகை வெளியேற வழியும் அமைத்தார்கள். நான் இந்த விமானத்துக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அதனால் பேட்டரி பற்றிய ஒரு செய்தி திரையில் வந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போனதில்லை.

புதிதாக வருகிறவர்கள் கேட்டுச் சிரிக்கும் விஷயம் ஒன்று உண்டு, சிரிப்பதற்குரியதல்ல. பேயில் நிற்கும் விமானத்துக்குக் கேபிளை மாட்டி நாள்கணக்கில் மின்சாரத்திலேயே விட்டுவிடுகிறோம். 248 நாட்கள் இடைவிடாமல் மின்சாரத்தில் இருந்தால் எஞ்சின் ஜெனரேட்டர்களின் கட்டுப்பாட்டு யூனிட்டுகளுடைய மென்பொருளில் எண்ணிக்கை வைக்கும் இடம் நிரம்பி, நான்கும் ஒரே நேரத்தில் ஒதுங்கிக்கொள்ளக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவே போட்டது. மின்சாரத்தை முழுமையாக அணைத்துப் போடுவதும் பராமரிப்புதான் என்பதை அந்த உத்தரவு வந்தபோதுதான் எங்களில் பலர் உணர்ந்தோம்.

ஏ320-க்குத் திரும்பிப் போகச் சொன்னால் போக மாட்டேன். இப்போதெல்லாம் ஏபியு பழுது என்ற செய்தி வந்தால், விமானம் இறங்குவதற்கு முன்பே பேயில் போய் நிற்கிறேன். இரண்டு தலைகளையும் திருப்பி ஆறு ஆறு துளைகளையும் டார்ச் வெளிச்சத்தில் பார்க்கிறேன். பழுப்பு தெரிந்தால் சிவப்புச் சீட்டைக் கட்டி ஒதுக்கிவிட்டு, மூன்றாவது கேபிளுக்கு அப்போதே சொல்லிவிடுகிறேன்.