பால் பிடித்த பச்சைக் கதிரும் இனிப்புச் சோளமும்: எங்கே எதை வாங்குவது?

புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்த மக்காச்சோளம் கார்த்திகைக் கடைசியில் பால் பிடிக்கத் தொடங்குகிறது. பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலும், கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் பூமியிலும் அதற்கடுத்த சில வாரங்கள்தாம் பச்சைக் கதிர் உண்பதற்கு உரிய காலம். அதே நாட்களில் நகரத்துக் காய்கறிக் கடைகளில் ஸ்வீட் கார்ன் என்ற பெயரில் இனிப்புச் சோளமும், பல்பொருள் அங்காடியின் உறைபெட்டியில் உதிர்த்த மணிகளும் கிடைக்கின்றன. இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால் பெரும்பாலானோர் இனிப்புச் சோளத்தையே சொல்வார்கள். அந்த விடை பாதிதான் சரி என்பது என் எண்ணம். கதிர் எந்த வகை என்பதோடு, அதைச் செடியிலிருந்து ஒடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக அமையும்.

முதலில் பச்சைக் கதிர். சாலையோரத்தில் இதை நாட்டுச் சோளம் என்று சொல்லி விற்றாலும், இது பெரும்பாலும் விதை நிறுவனங்களின் கலப்பின மக்காச்சோளமே. நாமக்கல் கோழிப் பண்ணைகள் போன்றவற்றுக்குத் தீவனமாகப் போக வேண்டிய பயிரில் ஒரு பகுதியை, மணி முற்றுவதற்கு முன்பே ஒடித்து உண்பதற்கு விற்கிறார்கள். இலையில் உருவாகும் சர்க்கரை மணிக்குள் வந்ததும் மாவுச்சத்தாக மாறுவது இச்செடியின் இயல்பு. அப்படி மாறி நிறைவதால்தான் முற்றிய மணி எடை நிற்கிறது. கதிரின் நுனியில் பட்டுக்குஞ்சம் வெளிவந்து ஏறத்தாழ மூன்று வாரம் ஆனபோது மணியை நகத்தால் கீறினால் வெள்ளைப் பால் தெறிக்கும். மிதமான இனிப்பும் மாவின் மணமும் ஒன்றுசேர்ந்து இருப்பது அந்தச் சில நாட்களில் மட்டுமே. இன்னும் ஒரு வாரம் விட்டால் பால் கெட்டிப்பட்டு, எவ்வளவு வேகவைத்தாலும் பல்லுக்கு வேலை வைக்கும்.

இனிப்புச் சோளம் இந்த மாற்றத்தில் ஒரு தடை ஏற்பட்ட மக்காச்சோளம். சர்க்கரை மாவுச்சத்தாவதற்கு உதவும் நொதிகளுள் ஒன்று, மரபணு மாற்றம் இயல்பாக நேர்ந்ததால் சரியாக வேலை செய்யாமல் போகிறது; ஆகவே மணியில் சர்க்கரை தேங்குகிறது. அமெரிக்காவில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்ட பழைய வகையில் இந்தத் தடை ஓரளவுதான். 1950களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லாக்னன், காய்ந்ததும் சுருங்கிப்போகும் மணிகளைக் கொண்ட வேறொரு வகையில் சர்க்கரை பல மடங்கு அதிகமாக இருப்பதை எடுத்துக்காட்டி, அதிலிருந்து மிகையினிப்புச் சோளத்தை உருவாக்கினார். நம் சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்த கலப்பினங்களே. பழைய வகையில் இருந்த பாலாடை போன்ற வழவழப்பு இவற்றில் குறைவு. கடித்தால் மொறுமொறுவென்று உடைந்து நீர்த்த சாறு வரும். இனிப்பை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் பச்சைக் கதிர் இதன் அருகில் நிற்க முடியாது. ஆனால், சோளத்துக்கென்று உள்ள மணத்தையும் கனத்தையும் விரும்புபவருக்கு இந்த இனிப்பு இரண்டாவது கதிரிலேயே திகட்டிவிடும். நான் அந்தப் பக்கம்தான்.

எனினும் நேரக் கணக்கு என்று வரும்போது இனிப்புச் சோளத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒடித்த பிறகும் கதிர் மூச்சு விடுகிறது, சர்க்கரையைச் செலவழிக்கிறது, எஞ்சியதை மாவுச்சத்தாக்குகிறது; வெப்பம் கூடக் கூட இந்த வேகமும் கூடுகிறது. பழைய வகை இனிப்புச் சோளத்தைப் பூச்சியம் டிகிரி குளிரில் வைத்தால் ஒரு நாளில் ஏறத்தாழ 6 விழுக்காடு சர்க்கரைதான் குறையும், 30 டிகிரி வெப்பத்தில் அதே ஒரு நாளில் 60 விழுக்காடு வரை போய்விடும் என்பது அறுவடைக்குப் பிந்தைய நுட்பம் படித்தவர்கள் அனைவரும் அறிந்த கணக்கு. நம் ஊரில் 30 டிகிரி என்பது பல மாதங்களுக்கு நிழலில் உள்ள வெப்பம். மிகையினிப்பு வகையில் சர்க்கரை இருப்பும் அதிகம், மாவுச்சத்தாக மாறும் வேகமும் குறைவு. அதனால் அது லாரியேறி, மண்டி கடந்து, கடைக்கு வந்த பிறகும் உண்ணத்தக்கதாக இருக்கிறது. பச்சைக் கதிருக்கு இருப்பே சொற்பம். காலையில் விளாத்திகுளத்தில் ஒடித்த கதிர் மறுநாள் மாலை சென்னையில் தணலுக்கு வரும்போது, நாம் தின்பது உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும்தான். கடற்கரையில் சுட்ட சோளம் தின்று இவ்வளவுதானா என்று நினைத்தவர்கள், அதே சோளத்தைக் காட்டோரத்தில் ஒடித்த கையோடு சுட்டுத் தின்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அடுப்பைப் பொறுத்தவரை இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. தணலில் வாட்டுவதற்குப் பச்சைக் கதிரே உகந்தது. அதன் மாவு மெல்லச் சிவந்து மணம் ஏறுகிறது, இனிப்புச் சோளத்திலோ சர்க்கரை முந்திக்கொண்டு கருகி, உள்ளே நீர்த்துக் கிடக்கிறது. வேகவைப்பதில் முறை தலைகீழ். இனிப்புச் சோளத்துக்கு ஆவியில் ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் வைத்தால் மொறுமொறுப்பு போய்விடும். பச்சைக் கதிரைக் குக்கரில் உப்பும் சிட்டிகை மஞ்சளும் சேர்த்து மூன்று நான்கு விசில் விட வேண்டும். வடைக்கும் அடைக்கும் பச்சைக் கதிரின் மணியை அரைத்தால் அதன் மாவே பிடித்துக்கொள்கிறது. இனிப்புச் சோளத்தை அரைத்தால் மாவு இளகி ஓடுவதால் கடலை மாவோ அரிசி மாவோ கலந்தாக வேண்டும், கலந்த பிறகு அது கடலை மாவு வடையாகவே இருக்கும். குருமா, சாலட், சூப் ஆகியவற்றுக்கு இனிப்புச் சோளத்தைத் தேர்வதில் எனக்குத் தயக்கமில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. தோகை உரித்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிய கதிரை நான் வாங்குவதில்லை; தோகைதான் ஈரத்தைக் காப்பது, அதை உரித்த நேரத்திலிருந்து மணி குழிவிழத் தொடங்குகிறது. குஞ்சம் நுனியில் பழுப்பாகக் காய்ந்தும் தோகை பச்சையாகவும் காம்பின் வெட்டுவாய் ஈரமாகவும் இருந்தால் கதிர் புதிது. நகத்தால் கீறிப் பார்ப்பவர்கள், மிகையினிப்பு வகையில் வெள்ளைப் பால் வராமல் தெளிந்த சாறுதான் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்ல கதிரைத் தள்ளிவிட மாட்டார்கள். 1999இல் மதுரையில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவிய உழவர் சந்தை உங்கள் ஊரில் இருந்தால், விடியற்காலையில் அங்கே போவதே நகரவாசிக்குச் சிறந்த வழி. விளைவித்தவரே விற்பதால் எப்போது ஒடித்தது என்று கேட்க முடியும். 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழுவுக்குப் பயந்து மருந்து அடிப்பது வழக்கமாகிவிட்டதால், கடைசியாக அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் கேட்டுவிடலாம். தீவனத்துக்கென்று வளர்த்ததை முன்கூட்டியே ஒடிக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

இனிப்புச் சோளக் கதிரில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புடைத்த, மங்கலான, மாவாகக் கடிபடும் மணிகள் இருப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். பக்கத்துக் காட்டிலிருந்த தீவன மக்காச்சோளத்தின் மகரந்தம் விழுந்ததன் விளைவு அது. தந்தைச் செடியின் குணம் அந்த மணியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. சுற்றிலும் மக்காச்சோளமே நிற்கும் வட்டாரத்தில் இனிப்புச் சோளம் போடுபவர், போதிய இடைவெளி விட வேண்டும், அல்லது இரண்டும் ஒரே நேரத்தில் பூக்காதபடி விதைப்பைத் தள்ளிப் போட வேண்டும். இந்தக் கூடுதல் பாட்டுக்குப் பலனாக, எழுபத்தைந்து எண்பது நாளில் கதிரை ஒடித்ததும் பச்சையாகவே நிற்கும் தட்டை மாட்டுக்குத் தீவனமாகிறது. விலை அதிகம் என்று பேரம் பேசுவதற்கு முன் அந்தப் பாட்டையும் எண்ணிப் பார்க்கலாம்.

உறைபெட்டி மணிகளை நான் இகழவில்லை. அறுவடை முடிந்த சூட்டோடு கொதிநீரில் காட்டி உறையவைத்திருந்தால், கடையில் மூன்று நாள் கிடந்த கதிரைவிட அவற்றில் இனிப்பு அதிகமாகவே இருக்கும். கடித்துத் தின்னும் சுகம் மட்டும் இருக்காது. மார்கழியில் மலிவாகக் கிடைக்கும்போது வீட்டிலேயே இதைச் செய்துகொள்ளலாம். முழுக் கதிரை நான்கைந்து நிமிடம் கொதிநீரில் போட்டு, உடனே பனிக்கட்டி நீரில் ஆறவைத்து, ஈரம் துடைத்து, மணிகளைச் சீவிப் பைகளில் சிறிது சிறிதாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்தால் பல மாதங்களுக்குச் சுவை கெடாது. கொதிநீரில் காட்டாமல் வைத்தால் நொதிகள் வேலை செய்துகொண்டே இருந்து சில வாரங்களில் ஒருவிதக் காறல் வந்துவிடும் என்பதால், அந்த நான்கைந்து நிமிடத்தைத் தவிர்க்கக் கூடாது.