மின்சாரத்தை டீசல் மிஞ்சியது: கார்பன் கணக்குக்கு சாஃப்ட்வேர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் எங்கள் கம்பெனி லெட்டர்ஹெட்டில், முதலாளியின் கையெழுத்தோடு, ஒரு தப்பான கார்பன் கணக்கு ஐரோப்பியப் பையருக்குப் போனது. அதை அனுப்பியது நான்தான். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது 4,80,000 ரூபாய் விலை பேசி நாங்கள் வாங்கிய சாஃப்ட்வேர். எப்படி மாட்டினோம் என்பதை எழுதுகிறேன். எங்கள் ஊரிலேயே இன்னும் பல கம்பெனிகளில் அதே செட்டப் ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது.

முதலில் நெருக்கடி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பையர்கள் முன்பெல்லாம் விலை, தரம், டெலிவரி மூன்றையும்தான் கேட்பார்கள். இப்போது ஒரு வருடத்துக்கு எவ்வளவு பசுமை இல்ல வாயு வெளியிட்டீர்கள் என்று படிவம் அனுப்புகிறார்கள். ஜி.எச்.ஜி. (பசுமை இல்ல வாயு) புரோட்டோகால் என்று 2001-ல் வந்து 2004-ல் திருத்தப்பட்ட வழிமுறை ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்கப் பெரும்பாலும் அதன்படிதான் இந்தக் கணக்கு. நம் வளாகத்தில் நாமே எரிக்கும் டீசல், கேஸ், விறகு எல்லாம் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. நூல், சாயம், ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை), லாரி, கப்பல் என்று நமக்காக மற்றவர்கள் வெளியிடுவதெல்லாம் ஸ்கோப் 3. கணக்கு எழுதுகிறவனுக்கு இது அந்நியமான விஷயமே இல்லை. லெட்ஜர் போட்டு, குரூப் போட்டு, ஜர்னல் போடுவதுதான். ரூபாய் இருக்கும் இடத்தில் கிலோ வருகிறது, அவ்வளவுதான். அதனாலேயே நானும் தைரியமாகத் தலையாட்டிவிட்டேன்.

2024 ஜனவரியில் அந்த சாஃப்ட்வேர் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வந்தார். லேப்டாப்பைத் திறந்து பச்சையும் நீலமுமாக வரைபடங்களைக் காட்டினார். "சார், நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாமுங்க. டேலியில் என்ட்ரி விழுந்த உடனே இங்க கார்பன் தானா வந்துடும்" என்றார். டேலி என்பது நாங்கள் கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது அந்தப் பிரதிநிதி இன்னொன்றும் சொன்னார்: ஐரோப்பா சிபாம் என்று கார்பன் எல்லை வரி கொண்டுவந்துவிட்டது, 2026 ஜனவரியிலிருந்து உங்கள் டி-ஷர்ட்டுக்கும் வரி, கணக்கு இல்லாவிட்டால் கன்டெய்னர் துறைமுகத்திலேயே நின்றுவிடும். முதலாளி அந்த இடத்தில்தான் விழுந்தார். செக் எழுதியது அடுத்த வாரம்.

டி-ஷர்ட்டுக்கும் வரி என்று அவர் சொன்னது உண்மையில்லை. சிபாம் 2023 அக்டோபரில் அறிக்கை கொடுக்கும் கட்டமாகத் தொடங்கியது நிஜம். ஆனால் அது சிமென்ட், இரும்பு எஃகு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கானது. துணி அந்தப் பட்டியலில் இல்லை. பையர் கேட்பது அவர்களுடைய சொந்த அறிக்கைக்காகவும் இலக்குக்காகவும். அதற்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் "கன்டெய்னர் நின்றுவிடும்" என்று யாராவது உங்களைப் பயமுறுத்தி விற்க வந்தால், ஆளை அனுப்பிவிட்டு முதலில் விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை.

செட்டப்புக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். கல்லூரி முடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. மரியாதையான பிள்ளைகள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. யாரோ செய்து வைத்திருந்த ஒரு டெம்ப்ளேட்டை இறக்கிப் பொருத்திவிட்டுப் போகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூன்றே நாளில் கணக்குத் தலைப்புகள், வகைகள், உப வகைகள் எல்லாம் தயார். ஒவ்வொரு உப வகைக்கும் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அதுதான் உமிழ்வுக் காரணி, அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோ, ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோ என்பது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஜி.எஸ்.டி. விகிதம் ஒரு பைசா தப்பினாலும் கண்டுபிடிக்கிற நான், இந்த எண்களைச் சாஃப்ட்வேரோடு வந்தது, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை உள்ள பில்களை ஏற்றினோம். அறிக்கை வந்தது, படிவத்தில் நிரப்பினோம், அனுப்பினோம். பையரிடமிருந்து நன்றிக் கடிதமும் வந்தது.

2025 பிப்ரவரியில் பையர் அலுவலகத்தில் இந்த வேலையைப் பார்க்கும் ஒரு அம்மா மெயில் போட்டிருந்தார். நாலே வரிதான். உங்கள் கணக்கில் மின்சாரத்தைவிட டீசல் உமிழ்வு அதிகமாக இருக்கிறது, உங்கள் ஜெனரேட்டர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்டிருந்தார்.

படித்ததும் எனக்குக் கை உதறிவிட்டது. எங்களிடம் கரண்ட் போனால் மட்டும்தான் ஜெனரேட்டர் ஓடும். மாதத்துக்கு ஏறக்குறைய 900 லிட்டர், நாலரை பேரல். மின்சாரமோ மாதம் 40,000 யூனிட். நிட்டிங் மெஷின், தையல் லைன், கம்ப்ரசர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. இதில் டீசல் எப்படி முந்தும்? பில்டிங்கை ஒரு முறை சுற்றி வந்த யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நான் தினமும் சுற்றுகிறேன்.

அன்று இரவு ஆபீஸிலேயே உட்கார்ந்து ஒரு மாத எச்.டி. (உயர் அழுத்த மின்சார) பில்லை எடுத்து வைத்துக்கொண்டு கால்குலேட்டரில் போட்டேன். சாஃப்ட்வேரில் மின்சாரத்துக்கு இருந்த எண் 0.207. அதன்படி 40,000 யூனிட்டுக்கு 8,280 கிலோ. எட்டே கால் டன். அந்த 0.207 எங்கேயிருந்து வந்தது என்று தேடினேன். பிரிட்டன் அரசு தன் நாட்டு மின்சாரத்துக்காக 2023-ல் வெளியிட்ட எண் அது. அங்கே காற்றாலை, எரிவாயு, அணுமின் நிலையம் என்று ஓடுகிறது. நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரி. நமக்கான எண்ணை மத்திய மின்சார ஆணையம் வருடா வருடம் வெளியிடுகிறது, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 2023-24-க்கு அது யூனிட்டுக்கு 0.727 கிலோ. அந்தக் கணக்கில் அதே பில்லுக்கு 29,080 கிலோ. அதாவது மூன்றரை மடங்கு. இருபத்தொன்பது டன்னை எட்டே கால் டன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், அதுவும் ஒவ்வொரு மாதமும்.

டீசல் அதற்கு நேர் எதிர். அங்கே இருந்த எண் 10.21. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். 10.21 என்பது அமெரிக்கர்கள் ஒரு கேலனுக்குப் போடும் எண். ஒரு கேலன் 3.785 லிட்டர், வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே எண் வரும். எண்ணை அமெரிக்காவிலிருந்து எடுத்தவர்கள் அளவை மட்டும் லிட்டர் என்று மாற்றிவிட்டார்கள். முற்றத்தில் நிற்கிற 200 லிட்டர் பேரல் ஒன்று எரிந்தால் 536 கிலோ வர வேண்டும். சாஃப்ட்வேர் 2,042 கிலோ என்று எழுதியது. 900 லிட்டருக்கு 9,189 கிலோ. எட்டே கால் டன் மின்சாரத்தை ஒன்பது டன் டீசல் முந்தியது இப்படித்தான்.

ஒரே கம்பெனியின் ஒரே அறிக்கையில் மின்சாரம் பிரிட்டனில் ஓடுகிறது, ஜெனரேட்டர் அமெரிக்காவில் ஓடுகிறது.

அப்புறம் ஒவ்வொரு கணக்காகத் தோண்ட ஆரம்பித்தேன். டையிங் (சாயம் போடும்) ஜாப் ஒர்க்குக்குக் கிலோக் கணக்கு எடுக்கவேயில்லை, டேலியில் இருக்கும் ஜாப் ஒர்க் சார்ஜ் லெட்ஜரை அப்படியே இணைத்து, இத்தனை ரூபாய்க்கு இத்தனை கிலோ என்று போட்டிருந்தார்கள். செலவை வைத்து மதிப்பிடுவது அந்த வழிமுறையிலேயே அனுமதிக்கப்பட்ட ஒன்றுதான், வேறு தகவல் கிடைக்காதபோது. எங்களிடம்தான் ஒவ்வொரு டெலிவரி சலானிலும் எத்தனை கிலோ துணி போனது, வந்தது என்று எழுதியிருக்கிறதே! சாயப்பட்டறைக்காரர் கிலோவுக்கு எட்டு ரூபாய் ஏற்றினால் எங்கள் உமிழ்வும் ஏறியது. துணி என்னவோ அதே துணி. இதைவிட மோசம் 2023 ஏப்ரல். மார்ச் 31 அன்று வராத பில்களுக்கு ப்ரொவிஷன் போட்டு (உத்தேசச் செலவாக எழுதி), ஏப்ரல் 1 அன்று அதை மைனஸாகத் திருப்புவது எல்லாக் கணக்கரும் செய்வது. அந்தத் திருப்பு என்ட்ரியையும் சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டது. பில்கள் மே மாதம்தான் வந்தன. அதனால் ஏப்ரலில் டையிங்குக்கு உமிழ்வு மைனஸில் நின்றது. சாயம் போடப் போட காற்று சுத்தமாகிறது என்று எங்கள் அறிக்கை சொல்லியிருக்கிறது.

அயர்னிங் பகுதியில் உள்ள சின்ன விறகு பாய்லருக்கு வெறும் பூஜ்யம். விறகின் கார்பன் டை ஆக்சைடை ஸ்கோப்புகளில் சேர்க்காமல் தனியாகக் காட்ட வேண்டும், ஆனால் அதில் வரும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் ஸ்கோப் 1-ல் சேர்த்தே ஆக வேண்டும். முதலாளிக்கு உடுமலைப் பக்கம் ஒரு காற்றாலை உண்டு, அதன் யூனிட்டுகள் எச்.டி. பில்லில் கழியும். ஸ்கோப் 2-க்கு 2015-ல் வந்த வழிகாட்டுதல்படி இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும்: மொத்த யூனிட்டையும் கிரிட்டின், அதாவது பொது மின்தொகுப்பின், சராசரி எண்ணால் பெருக்கியது ஒன்று, நாம் எந்த மின்சாரத்துக்கு உரிமை கொண்டாடுகிறோம் என்பதை வைத்து இன்னொன்று. சாஃப்ட்வேரில் இரண்டாவதற்குக் கட்டமே திறக்கப்படவில்லை.

இதையெல்லாம் எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். டிக்கெட் எண் வந்தது. பதினோரு நாள் கழித்துப் பதில்: காரணிகளை மாற்றுவது சேஞ்ச் ரிக்வெஸ்ட், அதற்கு 65,000 ரூபாய் தனி. பதிந்த ஜர்னலை அழிக்க முடியாது, எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு மறுபடி பதிய வேண்டும், அது வேறு கட்டணம். நான் போன் போட்டுக் கத்தினேன், மறைக்க என்ன இருக்கிறது. "சார், அக்ரிமென்ட் பக்கம் 14 பாருங்க" என்றார்கள். மாஸ்டர் தகவல்களின் சரித்தன்மைக்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்று பொடி எழுத்தில் இருந்தது. அவர்கள் ஏற்றிய எண்களுக்கு நாங்கள் பொறுப்பு! சரி, ஏற்றிய தரவையாவது எக்செலில் கொடுங்கள் என்றால், எங்கள் பிளானில் பி.டி.எஃப். மட்டும்தானாம். ஒரு வருட பில்களை நாங்களே தட்டி ஏற்றியது, அதை எங்களுக்கே திருப்பித் தர மறுக்கிறார்கள்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "தப்பா அனுப்பிட்டோம்னு நாமளே எழுதிடலாம்" என்றார். கையெழுத்து அவருடையது, கோபப்பட அவருக்கு முழு உரிமை இருந்தது.

மூன்று வாரம் எடுத்தது. நானும் ஸ்டோர்ஸ் தம்பியும் உட்கார்ந்து மீட்டர் ரீடிங், டீசல் பில், சலான், விறகு லாரியின் எடைச் சீட்டு என்று எல்லாவற்றையும் எக்செலில் போட்டோம். ஒவ்வொரு காரணிக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் வைத்தோம்: யார் வெளியிட்டது, எந்த வருடத்துக்கு. திருத்திய கணக்கையும், ஏன் மாறியது என்ற ஒரு பக்க விளக்கத்தையும் பையருக்கு அனுப்பினோம். அந்த அம்மா ஏற்றுக்கொண்டார். ஆர்டர் எதுவும் போகவில்லை. ஆனால் எங்கள் பெயருக்கு நேரே "திருத்தி அளிக்கப்பட்டது" என்று நிற்கிறது. இன்னொன்றையும் நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. 2023-24-ஐத்தான் அடிப்படை வருடம் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். குறைப்பு இலக்கெல்லாம் அதிலிருந்துதான் அளக்கப்படும். அந்த மெயில் வராமல் போயிருந்தால், அடுத்த வருடம் யாராவது சரியான எண்ணைப் போட்டதும் எங்கள் மின்சார உமிழ்வு ஒரே வருடத்தில் மூன்றரை மடங்கு ஏறியதாகத் தெரிந்திருக்கும். அதற்கு என்ன விளக்கம் கொடுத்திருப்போம்?

மீதித் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம், வக்கீல் மூலம் நோட்டீஸ் போயிருக்கிறது. அது நடக்கும்போது நடக்கட்டும்.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் உங்களுடைய ஒரு மின்சார பில்லையும் ஒரு டீசல் பில்லையும் அவர்கள் கையில் கொடுத்து, உங்கள் கண் முன்னால் ஏற்றச் சொல்லுங்கள். வரும் கிலோவைக் கால்குலேட்டரில் சரி பாருங்கள். காரணியை நீங்களே மாற்ற முடியுமா, மாற்றினால் பழைய வருடத்தின் கணக்கு கலையாமல் நிற்குமா என்று கேளுங்கள். தரவு எக்செலில் வெளியே வரும் என்று அக்ரிமென்ட்டில் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றே சாஃப்ட்வேரைத் திறந்து, காரணிகள் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். மின்சாரத்துக்கு நேரே 0.207-ஓ அதைச் சுற்றிய எண்ணோ, டீசலுக்கு நேரே 10.21-ஓ இருந்தால், அடுத்த படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள்.