டயாலிசிஸ் நோயாளியின் மனச்சோர்வு: மாத்திரையா, பேச்சு சிகிச்சையா?

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டவர்களிடம் மனச்சோர்வு சர்வ சாதாரணம். கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பசியில்லை, தூக்கமில்லை, உடம்பில் தெம்பில்லை என்கிறார். அது மனசின் வேலையா, இரத்தத்தில் தேங்கிய கழிவின் வேலையா? இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். "கிட்னி போனவருக்கு இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்" என்று பலரை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

சரி, மனச்சோர்வுதான் என்று உறுதியானால்? பெரும்பாலும் பேசப்படுபவை இரண்டு: செர்ட்ராலின் மாத்திரை, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சை.

செர்ட்ராலினைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அதை உடைப்பது கல்லீரல். சிறுநீரகத்தை அது பெரிதாக நம்பியிருப்பதில்லை. இதே வகையைச் சேர்ந்த சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம் இரண்டும் இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடியவை. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இறங்குவதாலேயே இதயத் தாளம் தடுமாறக்கூடிய டயாலிசிஸ் நோயாளிக்கு அது வேண்டாத வம்பு.

ஆனால் பலன்? 2017இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த 'காஸ்ட்' ஆய்வு அந்த நம்பிக்கையில் தண்ணீர் ஊற்றிவிட்டது. டயாலிசிஸ் நிலைக்கு இன்னும் வராத 201 சிறுநீரக நோயாளிகளில் ஒரு பாதிக்குச் செர்ட்ராலின், மறு பாதிக்கு மருந்தே இல்லாத மாத்திரை. 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். குமட்டலும் வயிற்றுப்போக்கும்தான் மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல்.

பேச்சு சிகிச்சையின் கதை வேறு. உளவியலாளர் டேனியல் குக்கோரின் குழு நியூயார்க்கில் அதை டயாலிசிஸ் நாற்காலிக்கே கொண்டுபோனது. 59 பேர் பங்கெடுத்த அந்த ஆய்வு 2014இல் வெளியானது. சிகிச்சை முதலில் கிடைத்தவர்களுக்கு, தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்களைவிட மனச்சோர்வு நன்றாகவே குறைந்தது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே ஏறும் நீர் எடையும் குறைந்தது. எனக்கு இந்த இரண்டாவது சேதிதான் பெரிது. குடிக்கும் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன நர்ஸ்களைக் கேட்டால் ஏன் என்று தெரியும்.

யோசித்தால் இடமும் பொருத்தமானதுதான். ஒரு கையில் ஊசி. எழுந்து போக முடியாது. தனியாக ஒரு அலைச்சலும் வேண்டாம். தொல்லையும் அங்கேயே இருக்கிறது. அடுத்த நாற்காலிக்காரர் காதில் விழும். மனைவியோடு போட்ட சண்டையைச் சொல்ல வாயெடுக்கும்போது மெஷின் அலாரம் அடிக்கும், இரத்த அழுத்தம் இறங்கும், பேச்சு பாதியில் நிற்கும்.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டது 2019இல் வந்த 'அசென்ட்' ஆய்வு. இதில் குக்கோரும் இருக்கிறார்; காஸ்ட் ஆய்வை நடத்திய சிறுநீரக மருத்துவர் சூசன் ஹெடாயாட்டி, மனநல மருத்துவர் மதுக்கர் திரிவேதி ஆகியோரும் இருக்கிறார்கள். டயாலிசிஸில் இருக்கும் 120 பேர், 12 வாரம். முடிவில் செர்ட்ராலின் ஜெயித்தது. எவ்வளவில்? மனச்சோர்வை அளக்கும், 27 வரை போகும் மதிப்பெண் அளவுகோலில் இரண்டுக்கும் குறைவான வித்தியாசம். பக்கவிளைவும் மாத்திரைப் பக்கமே அதிகம். மருந்தில்லா மாத்திரை பெற்ற குழு இதில் கிடையாது. ஆகவே இந்த முன்னேற்றத்தில் மருந்தின் பங்கு எவ்வளவு, நாளாக ஆகத் தானாகத் தேறியது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

என் சாய்வு பேச்சு சிகிச்சை பக்கம், பயிற்சி பெற்றவர் கிடைத்தால். கிடைக்காத ஊரில் செர்ட்ராலினைக் குறைந்த அளவில் தொடங்கி, மூன்று மாதத்தில் திரும்ப அளந்து பார்ப்பது நியாயம். பலனில்லை என்றால் ஆண்டுக்கணக்கில் மருந்துச் சீட்டில் தொங்கவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவும் கூடாது, தலைசுற்றலும் படபடப்பும் வரலாம். அப்புறம், இந்த மாத்திரை இரத்தக்கசிவை லேசாகக் கூட்டும். டயாலிசிஸில் இரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் மருந்தும் போடுகிறார்கள். மனநல மருத்துவர் எழுதிய சீட்டை டயாலிசிஸ் யூனிட்டிலும் காட்டிவிடுங்கள்.