பழைய ஃபைபர்கிளாஸ் டிரெய்லருக்கு மோட்டார் கால்: மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

எங்களிடம் இருப்பது 1990களின் தொடக்கத்தில் செய்த பிக்ஃபுட் டிரெய்லர், அதாவது வண்டியில் மாட்டி இழுத்துப்போய்த் தங்கும் சின்ன முகாம் வீடு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து ஆம்ஸ்ட்ராங் என்ற சின்ன ஊரில் தயாரானது. மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடுகளை அச்சில் வார்த்து, நடுவில் இணைத்திருப்பார்கள். மரச்சட்டத்தில் தகடு அடித்துக் கட்டிய அதே வயது டிரெய்லர்கள் பல மழைநீர் இறங்கி உளுத்துப் போயிருக்கும். இது இன்னும் ஒழுகாமல் நிற்கிறது. அதனால்தான் புதிது வாங்குவதற்குப் பதிலாக இதற்கே செலவு செய்கிறோம்.

இது ஃபிப்த் வீல் வகை. பின்பக்க பம்பரில் கொக்கி மாட்டி இழுப்பதில்லை. டிரெய்லரின் முன்மூக்கு பிக்கப் வண்டியின் முதுகில் ஏறி உட்காரும். தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் தலைவண்டி கழன்று போனபின் கண்டெய்னர் டிரெய்லர் தனியாக நிற்கும்போது முன்னால் இரண்டு கால்கள் ஊன்றியிருக்குமே, எங்களுடையதிலும் அதே மாதிரி இரண்டு கால்கள், அளவில் சிறியவை. அவற்றை இறக்க ஏற்ற, ஒரு பக்கத்தில் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும்.

என் கணவருக்குப் போன குளிர்காலத்தில் தோள்பட்டை அறுவை சிகிச்சை ஆனது. கைப்பிடி சுற்றும் வேலையை மருத்துவர் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். நான் சுற்றலாம், சுற்றினேன். ஆனால் என் உயரத்துக்கு அந்தக் கைப்பிடியின் மேல்வட்டம் தோளுக்கு மேலே போகிறது, கீழ்வட்டத்தில் குனிய வேண்டியிருக்கிறது. ஆல்பர்ட்டாவின் மலைப்பகுதியான கனனாஸ்கிஸ் பக்கம் சரளைக்கல் தரையில் மழை பெய்யும்போது இது ஒரு வேலையே இல்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் கையில் கைப்பிடியைக் கொடுத்துவிடுவேன்.

அப்பா கோவையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். ஆர்மேச்சர், கார்பன் பிரஷ், பேரிங் இவற்றின் நடுவேதான் வளர்ந்தேன். அதனால் மோட்டார் மாட்டுவது என்று முடிவானதும் கடையில் சொன்னதை அப்படியே கேட்டுக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, கைப்பிடி மாட்டும் முனையில் பேட்டரி டிரில்லைப் பொருத்திச் சுற்றுவது. பலரும் செய்கிறார்கள், செலவும் கம்மி. பின்பக்கத்தில் ஆட்டம் நிற்க மட்டும் இறக்கும் சின்ன ஜாக்கிகளுக்கு இது போதும். முன்மூக்கின் எடையைத் தாங்கும் காலுக்கு நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கால் தரையில் பட்டுப் பாரம் ஏறும் நொடியில் டிரில் மணிக்கட்டைத் திருப்பிவிடும். தோள் அறுவை சிகிச்சை ஆனவர் வீட்டில் அது வேண்டாம். இரண்டாவது, இருக்கிற கால்களில் மோட்டாரை மட்டும் சேர்ப்பது. பழைய கால்களின் திருகும் பல்சக்கரமும் நல்ல நிலையில் இருந்தால் இது சரியான வழி. எங்கள் இடதுகாலைப் பிரித்துப் பார்த்தபோது மேலே இருந்த பல்சக்கரத்தில் பல் தேய்ந்து, கிரீஸ் கருத்துக் கெட்டியாகிக் கிடந்தது. தேய்ந்த சக்கரத்தில் மோட்டாரைக் கோத்தால் மிச்சப் பல்லும் சீக்கிரம் போகும். எனவே மூன்றாவது வழி: இரண்டு புதுக்கால், ஒரு மோட்டார், இரண்டையும் இணைக்கும் குறுக்குத்தண்டு, சுவிட்சு எல்லாம் சேர்ந்த கிட்.

கிட்டின் பெயரை எழுதப் போவதில்லை. ஒற்றை மோட்டார் கிட்டுகள் எல்லாம் அடிப்படையில் ஒரே அமைப்புதான். 12 வோல்ட் டிசி மோட்டார் ஒரு காலின் தலையில் உட்காரும். குறுக்குத்தண்டு வழியாக மறுகாலும் கூடவே சுற்றும். உள்ளே இருப்பது திருகுத்தண்டு. அது தானாகப் பின்னோக்கிச் சுழலாது என்பதால் மின்சாரம் போனாலும் டிரெய்லர் இறங்கிவிடாது. வாங்கும்போது நான் கட்டாயமாகக் கேட்டது ஒன்றுதான்: கைப்பிடி போட்டுச் சுற்றும் முனை இருக்க வேண்டும். பேட்டரி செத்த நாளில் கேம்ப்கிரவுண்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது. எங்கள் கிட்டில் ஒரு ரப்பர் மூடிக்குக் கீழே அது இருக்கிறது. அந்தக் கைப்பிடி டிரெய்லரின் முன்பெட்டியிலேயே எப்போதும் கிடக்கும்.

கால்களின் தாங்கு திறனைப் பார்த்து மயங்க வேண்டாம். எங்கள் டிரெய்லர் சாமான் ஏற்றியபின் 2 டன்னுக்குக் கொஞ்சம் கூட. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் முன்மூக்கில் விழுகிறது, அதாவது 400 கிலோ சுமார். பெரிய டிரெய்லர்களுக்கான கனத்த கால்களை வாங்கிப் போட்டால் எடை கூடுவதைத் தவிர வேறு பயன் இல்லை.

நகரத்தில் ஒரு பெரிய விற்பனை நிலையத்தில் கேட்டோம். வண்டியின் வயதைச் சொன்னதும் பேச்சை முடித்துவிட்டார்கள். வந்து பார்க்கக்கூட இல்லை. டிரெய்லரின் அடிச்சட்டத்தை ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் அது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தெரிந்திருக்கும். கடைசியில் வீட்டுக்கே வந்து வேலை செய்யும் ஒரு நடமாடும் மெக்கானிக் கிடைத்தார். பழைய ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்களில் கைபழகியவர். இந்த விமர்சனத்தில் ஐந்து நட்சத்திரம் யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் கிட்டுக்கு முன்னால் அவருக்குத்தான் கொடுப்பேன்.

காரணம் சொல்கிறேன். இந்த வகை டிரெய்லரில் ஓடு பலமானது. ஆனால் போல்ட் போட்டுப் பாரம் தாங்க வைக்கும் இடம் அதுவல்ல. ஃபைபர்கிளாசில் நேராக முடுக்கினால் போல்ட்டைச் சுற்றி மேல்பூச்சில் மயிரிழை விரிசல் விட ஆரம்பிக்கும். கால்கள் இரும்புச் சட்டத்தில்தான் உட்கார வேண்டும். அந்தச் சட்டமும் எடை குறைவதற்காக மெல்லிய சுவருள்ள செவ்வகக் குழாயால் செய்தது. துளை போட்டு போல்ட்டை இறுக்கினால் குழாய் உள்ளே நசுங்கும். நசுங்கிய இடத்தில் இருக்கும் போல்ட் கொஞ்ச நாளில் தளரும். தளர்ந்த கால் ஆடும். அவர் என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு துளைக்கும் குழாயின் உள் அகலத்துக்குச் சரியாக ஒரு சிறு இரும்புக்குழல் வெட்டி உள்ளே நுழைத்து, அதற்குள் போல்ட்டை விட்டார். இறுக்கும் விசை முழுவதும் அந்தக் குழலில் விழுகிறது, சட்டம் நசுங்குவதில்லை. வெளிப்பக்கம் தடித்த தகடு ஒன்று வைத்து அழுத்தத்தைப் பரப்பினார். வெல்டிங் வேண்டாம் என்றும் அவரே சொன்னார். மெல்லிய குழாய் எளிதில் ஓட்டையாகிவிடும், ஒட்டியே பிசின் ஓடு இருக்கும் இடத்தில் நெருப்புப்பொறி கூடாது என்றார். எனக்கு அவர் பேச்சில் அப்பாவின் பட்டறை ஞாபகம் வந்தது.

வயர் போக ஓட்டில் ஒரு துளை தேவைப்பட்டது. அந்த இடத்தில் டேப் ஒட்டி, டிரில்லை முதலில் பின்னோக்கிச் சுழலவிட்டு மேல்பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகுதான் முன்னோக்கித் துளைத்தார். விளிம்பு சில்லாகப் பெயரவில்லை. துளையில் ரப்பர் வளையம் போட்டு, பாலியூரிதேன் பசை வைத்து அடைத்தார். சிலிகான் வைக்கவில்லை. ஃபைபர்கிளாசில் சிலிகான் வைத்த இடத்தில் பிறகு வேறு பசை எளிதில் பிடிக்காது.

இனி வயர் விஷயம். கிட் வாங்குகிறவர்கள் மோட்டாரைப் பார்க்கிறார்கள், வயரைப் பார்ப்பதில்லை. பாரம் தூக்கும்போது மோட்டார் 30 ஆம்பியர் வரை இழுக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வயர் போட வேண்டும். கிட்டோடு வந்தது 10 கேஜ் வயர் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்). பேட்டரி முன்பக்கத்தில் இருக்கும் டிரெய்லருக்கு அது போதும். எங்களுக்குப் பேட்டரி பின்பக்கப் பெட்டியில். போக 6 மீட்டர், வர 6 மீட்டர். 10 கேஜில் ஒரு மீட்டருக்கு 3.3 மில்லி ஓம் என்று வைத்தால் 12 மீட்டருக்கு 40 மில்லி ஓம். 30 ஆம்பியரில் 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தால் மோட்டாருக்கு 11 வோல்ட்கூடச் சேராது. அப்படி ஓடும் மோட்டார் முக்கி முனகி, சூடேறி, பிரஷ்ஷைத் தின்னும். 6 கேஜ் போட்டதில் இழப்பு அரை வோல்ட்டுக்குள் நின்றது. நெகட்டிவ் பக்கத்துக்குச் சட்டத்தையே வழியாக வைத்துக்கொள்ளலாம் என்று கிட்டின் தாள் சொல்கிறது. முப்பது வருடத்துத் துரு பிடித்த சட்டத்தை நம்பி நான் அப்படி விடமாட்டேன். இரண்டு வயரும் பேட்டரி வரை போகின்றன. 30 ஆம்பியர் பிரேக்கர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிக்கப்பிலிருந்து வரும் ஏழுமுனை பிளக்கில் சார்ஜ் லைன் இருக்கிறதே, அதிலிருந்தே மோட்டார் ஓடாதா என்று கேட்பார்கள். ஓடாது. அந்த லைன் பேட்டரியை மெதுவாகச் சார்ஜ் செய்யத்தான். டிரெய்லரில் நல்ல பேட்டரி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

கிட்டில் எனக்குப் பிடிக்காதது சுவிட்சு. பட்டனைச் சுற்றியுள்ள ரப்பர் மெல்லிசு, தண்ணீர் இறங்கும். ஆல்பர்ட்டாவில் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு எதையும் விட்டுவைக்காது. படகுக்குப் போடும் சுவிட்சு ஒன்றை வாங்கி மாற்றினோம். இணைப்புகள் எல்லாவற்றிலும் உள்ளே பசை இருக்கிற சுருங்கு குழாய் போட்டுச் சூடுகாட்டினோம். தொழிற்சாலையிலேயே இதைச் செய்து கொடுத்திருக்கலாம், பெரிய செலவில்லை.

சுவிட்சு எங்கே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பழைய கைப்பிடி பக்கவாட்டில் இருந்தது. அதைச் சுற்றுகிறவருக்கு பிக்கப்பின் முதுகில் நடப்பது தெரியாது. இப்போது சுவிட்சு முன்மூலையில் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்தே டிரெய்லர் மூக்கின் அடியில் இருக்கும் கிங்பின் என்ற இணைப்பு முளையும் பிக்கப்பில் அதைக் கவ்வும் தட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. கழற்றும்போது நடப்பது இதுதான். சக்கரத்துக்கு ஆப்பு வைத்த பிறகு, காலுக்குள் இருக்கும் உள்குழாய்களை, குறுக்கே செருகிய ஊசியைக் கழற்றித் தரைக்குப் பக்கத்தில் இறக்கி, மரக்கட்டை வைத்து, சுவிட்சை அழுத்துகிறேன். கால் கட்டையில் படும்போது மோட்டாரின் சத்தம் கனக்கிறது. பிக்கப்பின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்புகிறது, ஸ்பிரிங் நிமிர்கிறது. தட்டுக்கும் கிங்பின் தலைக்கும் நடுவே இருந்த நெருக்கம் விடுகிற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். “ஏனுங்க, இழுத்துப் பாருங்க” என்றால், என் கணவர் நல்ல கையால் தட்டின் பூட்டுப் பிடியை இழுக்க, அது வழுக்கிக்கொண்டு வருகிறது. முன்பெல்லாம் பாரம் விடாமலே இழுத்துச் சுத்தியலால் தட்டியதுண்டு. மறுபடி மாட்டும்போதும் இதே வசதிதான்: விரல் அகலம் ஏற்ற, விரல் அகலம் இறக்க ஒரு தட்டு போதும்.

இரண்டு கால்களும் ஒரே தண்டில் சுற்றுவதால் ஒன்றை மட்டும் ஏற்ற முடியாது. தரை பக்கவாட்டில் சரிவாக இருந்தால் முதலில் சக்கரத்துக்குக் கீழே பலகை வைத்து இடவலத்தைச் சமன் செய்துவிட்டுத்தான் காலை இறக்க வேண்டும். ஒரு கால் ஊன்றி மறுகால் அந்தரத்தில் நிற்கும்படி தூக்கினால் இந்த மெல்லிய சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஓட்டின் மூலைகளில் அந்த முறுக்கு தெரியும். அந்தரத்தில் நிற்கும் காலின் ஊசியை ஒரு துளை மாற்றினாலோ இன்னொரு கட்டை வைத்தாலோ சரியாகிவிடும். காலுக்கு ஒன்றாக இரண்டு மோட்டார் உள்ள கிட்டுகளும் உண்டு. சரிவான இடத்தில் வசதிதான், ஆனால் இரட்டிப்பு வயரும் இரட்டிப்பு வேலையும் இந்த அளவு டிரெய்லருக்குத் தேவையில்லை. மோட்டார் இருக்கிறதே என்று சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி டயர் மாற்றவும் கூடாது. அதற்கு ஜாக்கி தனி.

மோட்டார் கடைசி எல்லைக்கு வந்தால் தானாக நிற்காது என்பதையும் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முழுதாக ஏறியபின்னும் அழுத்திக்கொண்டே இருந்தால் பிரேக்கர் விழும். நான் உள்குழாயில் மேல் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடு மறையும்போது கையை எடுத்துவிடுவேன்.

செலவு: கிட்டுக்கு வரியோடு ஏறத்தாழ 1,000 கனடா டாலர், மெக்கானிக்குக் கூலி 650, வயர், பிரேக்கர், சுவிட்சு எல்லாமாக 200க்குப் பக்கம். கைப்பிடி சுற்றுவதில் உடம்புக்குச் சிரமமில்லாதவர்கள் இந்தப் பணத்தை முதலில் நல்ல பேட்டரியிலும் டயரிலும் போடலாம். எங்கள் வீட்டு நிலைமைக்கு இது கொடுக்க வேண்டிய காசுதான். இது இல்லாவிட்டால் இந்தக் கோடையில் டிரெய்லர் வாசலைவிட்டு நகர்ந்திருக்காது.

அக்டோபரில் வண்டியை நிறுத்தும்போது பேட்டரியைக் கழற்றி முழுச் சார்ஜ் ஏற்றிக் கராஜுக்குள் வைத்துவிடுகிறோம். சார்ஜ் இறங்கிய லெட் ஆசிட் பேட்டரி கல்கரிக் குளிரில் உறைந்து வெடிப்பு விட்டுவிடும். லித்தியம் போடலாமா என்று என் கணவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சாதாரண லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், உள்ளேயே சூடேற்றும் வசதி உள்ளதாகப் பார்த்து விலை கேட்டு வைத்திருக்கிறேன்.