துவக்குக்கு ‘ஹாண்ட்கார்ட்’ பூட்டித் தாறம் என்று வருவார்கள், குழலைக் கொடுத்துவிடாதீர்கள்

வன்னியில் லைசன்ஸ் துவக்கு வைத்துத் தோட்டம் காக்கிறவர்கள் இதை ஒருக்கால் முழுதாக வாசியுங்கோ. 55,500 ரூபாவும் அப்பா விட்டுப்போன துவக்கும் கைவிட்டுப் போன பிறகுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு நெடுங்கேணிப் பக்கம் நாலு ஏக்கர் மேட்டுக்காணி. கச்சானும் மரவள்ளியும் போடுகிறோம். கச்சான் காய் பிடித்தால் பன்றி வராத இரவு கிடையாது. அப்பாவின் துவக்கு இங்கிலாந்தில் செய்த ஒற்றைக்குழல், பன்னிரண்டு போர் (குழல் துளையின் அளவு), 30 அங்குலக் குழல், நடுவில் முறித்துத் தோட்டா போடுகிற வகை. வருடாவருடம் டிசம்பர் 31க்கு முதல் கச்சேரியில் லைசன்ஸ் புதுப்பித்து ஒழுங்காக வைத்திருந்தோம்.

என்னுடைய கரைச்சல் டோச் லைற். ஒரு கையில் லைற், மற்றக் கையில் துவக்கு என்றால் இருட்டில் குறி பார்க்க ஏலாது. அதோடு குழலுக்குக் கீழே இடக்கை பிடிக்கிற முன்கட்டையும் வெடித்திருந்தது. தெரிந்த ஒருவர் மூலம் ஒரு பெடியன் கதைத்தான். வட்ஸ்அப்பில் படமும் அனுப்பினான். கறுப்பு அலுமினிய ஹாண்ட்கார்ட் (குழலைச் சுற்றி வருகிற கைபிடி உறை), 15 அங்குலம், லைற் பூட்டப் பக்கமெல்லாம் துளை. “அண்ணை, நீளமாப் போட்டாத்தான் கை முன்னுக்குப் போகும், குறி ஆடாது. வாயில ஒரு மசில் பிரேக்கும் போட்டா தோள் இடியாது” என்றான். மசில் பிரேக் என்றால் குழல்வாயில் பூட்டி, வெடி வாயுவைத் திருப்பிவிட்டு உதையைக் குறைக்கிற சாமான். ஹாண்ட்கார்ட் 28,000, பிரேக் 12,500, லேத் கூலி 15,000. நம்பினேன்.

அவன் சொன்னதெல்லாம் வெளிநாட்டு ரைபிளுக்குச் சரியாக இருக்கலாம். அங்கே 16 அங்குலக் குழலுக்கு 13 அங்குல ஹாண்ட்கார்ட் போடுவதா 15 போடுவதா என்று ஆட்கள் யோசிப்பது, அந்தக் குழல் துவக்கின் உடம்போடு இறுகப் பூட்டியிருப்பதால். ஹாண்ட்கார்ட் குழலைத் தொடாமல் உடம்பில் நிற்கும். எங்கள் துவக்கு முறிகிற துவக்கு. அதில் முன்கட்டை வெறும் பிடியல்ல. அதற்குள் இருக்கிற இரும்புதான் குழலைக் கொழுவியில் இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கழற்றினால் முறிக்கிற நேரம் குழல் தனியாகக் கையோடு வந்துவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த இரும்பைக் கழற்றி எடுத்தவனே அவன்தான்.

பத்து நாளில் துவக்கு வந்தது. அம்மா முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தா. சுவரில் சாத்தியிருந்த அந்தக் கறுப்புச் சாமானைக் கண்டவுடன் சுளகை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிட்டா. “தம்பி, இதென்னடா வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சிருக்கிறாய்? ஆராவது கண்டா என்ன சொல்லுவாங்கள்?” அன்று முழுக்க அந்த அறைக்குள் அவ போகவில்லை. எங்கள் இடத்தில் 2009 வரைக்கும் என்னென்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாம் இரவு பன்றிக்கூட்டம் இறங்கியது. இருபது யார் (கெஜம்) தூரம்கூட இல்லை. ஒன்பது ஈயக்குண்டு உள்ள எஸ்ஜி தோட்டாவால் வெடி வைத்தேன். ஹாண்ட்கார்ட் கைக்குள்ளேயே ஒரு விரற்கடை முன்னுக்கு வழுக்கியது, லைற் கழன்று விழுந்தது. அடுத்த தோட்டா போட முறித்தேன். குழல் முழுதாகக் கழன்று மடியில் விழுந்தது. இருட்டு, முன்னால் காயப்படாத ஆண் பன்றி, கையில் இரண்டு துண்டாகத் துவக்கு. காவல் கொட்டிலின் ஏணியில் நான் எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

விடிந்து பார்த்தால், பன்றி நின்ற இடத்துக்குப் பின்னால் இருந்த பாலை மரத்தில் இரண்டே இரண்டு குண்டு. மற்றவை மரவள்ளிக்குள் அங்கொன்று இங்கொன்றாய். அப்பாவின் கையில் இந்தத் துவக்கு இப்படிச் சிதறியதே இல்லை.

அன்றே வவுனியாவில் துவக்குத் திருத்த அனுமதி உள்ள ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் குழலைக் கழற்றி யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். “இங்க பாரும் தம்பி” என்று என்னையும் பார்க்கச் சொன்னார். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய உட்சுவரில் மூன்று இடத்தில் நிழல் வளையம். ஹாண்ட்கார்டை நிறுத்த முறுக்கிய ஆணிகள் குழலை வெளியிலிருந்து நசித்து உள்ளே பிதுக்கியிருந்தன. பிறகு அளவுச்சட்டத்தை வைத்துப் பார்த்தார். குழல் 28 அங்குலம்தான் இருந்தது. பிரேக்கைப் பூட்டப் புரி வெட்டுவதற்காக வாயில் இரண்டு அங்குலத்தை அறுத்து எறிந்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு அங்குலத்தில்தான் சோக், அதாவது குண்டு சிதறாமல் இருக்கக் குழல்வாயை ஒடுக்கிய பகுதி, இருந்தது. பன்னிரண்டு போர் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். வாயருகே ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு ஒடுங்கினால் அது புல் சோக். 40 யாரில் 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு எழுபது குண்டு விழும். ஒடுக்கமே இல்லாத குழலில் அது நாற்பதுக்கு வந்துவிடும். கண்ணால் பார்த்தால் அந்த ஒரு மில்லிமீற்றர் தெரியாது. அதனால்தான் அறுத்தாலும் எங்களுக்குத் தெரியப்போவதில்லை.

ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பான சுவரில் வெளியே புரி வெட்டியதில் மிச்சம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. பிரேக்கைக் கையில் எடுத்தவர் நகத்தால் சுரண்டினார், கறுப்புப் பூச்சு கழன்று வெள்ளி நிறம் தெரிந்தது. உருக்கே அல்ல, நாகக் (சிங்க்) கலவை வார்ப்பு. பிளாஸ்ரிக் உருண்டை சுடுகிற விளையாட்டுத் துவக்குக்குச் செய்த சாமான். அவற்றுக்கு 14 மில்லிமீற்றர் இடப்புரி வரும். எங்கள் குழலின் உள்வாயே அதைவிடப் பெரிது என்பதால் லேத்தில் குடைந்து பெருப்பித்திருக்கிறார்கள். ஆனால் அடியில் பழைய இடப்புரியின் இரண்டு சுற்று அழியாமல் கிடந்தது. உள்ளே ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் ஈயம் இழுபட்டிருந்தது. நடுவில் நில்லாத துளையில் குண்டுகள் உரசிக்கொண்டு போயிருக்கின்றன. இன்னொரு வெடி வைத்திருந்தால் அது வெடித்து முகத்துக்கு வந்திருக்கும் என்றார்.

தோள் இடியாது என்ற கதையும் பொய்தான். ரைபிளில் பிரேக் வேலை செய்வது அதன் வாயுவின் அழுத்தத்தால். .223 ரைபிளுக்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 இறாத்தல், பன்னிரண்டு போருக்கு 11,500. குழல்வாய்க்கு வரும்போது திருப்பிவிட அங்கே அவ்வளவு வாயு இல்லை.

இன்னொன்றும் ஐயா காட்டினார், பழைய இங்கிலாந்துத் துவக்கு வைத்திருப்பவர்கள் கவனியுங்கோ. குழலின் அடித்தட்டில் கிரீடம் போட்ட சோதனை முத்திரையோடு தோட்டா அறையின் நீளமும் குத்தியிருக்கும். எங்களுடையதில் 2½ அங்குலம். 2¾ அங்குலத் தோட்டாவும் அதற்குள் வடிவாய்ப் போய்விடும், ஏனென்றால் பெட்டியில் எழுதியிருப்பது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அந்தப் பெடியன் “எதுவும் போடலாம் அண்ணை” என்றுதான் எனக்குச் சொன்னவன்.

குழல் இனிச் சரிவராது என்று ஐயா எழுதித் தந்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. அறுத்து மாற்றிய துவக்கை வீட்டில் வைத்திராமல் நீராகவே பொலிசில் கொண்டுபோய்க் கொடும் என்றார். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, லைசன்ஸ் என் பெயரில், பதில் சொல்ல வேண்டியதும் நான்தான். கொடுத்து வாக்குமூலமும் எழுதினேன். விசாரணை முடியும் வரை லைசன்ஸ் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இப்போது நெற்றியில் கட்டுகிற லைற் ஒன்று வாங்கியிருக்கிறேன். இரண்டு கையும் சும்மா இருக்கும், துவக்கில் ஒரு ஆணியும் பூட்டத் தேவையில்லை. முதலிலேயே அதை வாங்கியிருந்தால் போதும். வெடித்த முன்கட்டையை முதிரைப் பலகையில் கடைந்து, பழைய இரும்பைத் திருப்பிப் பூட்டியிருக்கலாம் என்றும் ஐயா சொன்னார்.

அந்த இரும்பையாவது திருப்பித் தா என்று பெடியனுக்கு எடுத்தேன். “அது பழைய இரும்புக்குப் போட்டாச்சு அண்ணை” என்றான். அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.