பேட்டரி டெண்டர் ஜூனியர்: பனிக்காலத்துக்கு மாட்டி வைக்க நம்பி வாங்கலாம்

கனடாவின் ஒன்டாரியோவில் பைக் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், நவம்பரில் கவர் போட்டு மூடினால் ஏப்ரல் வரை வண்டி அப்படியே நிற்கும், அந்த இடைவெளியில் முதலில் அடிவாங்குவது பேட்டரிதான். வசந்தத்தில் சாவியைத் திருப்பினால் டக் டக் என்று ரிலே சத்தம் மட்டும் வரும், அப்புறம் புது பேட்டரிக்கு நூறு டாலருக்கு மேல் அழ வேண்டும். அதைத் தடுக்க, நிற்கிற வண்டியின் பேட்டரியை நிறைத்தே வைத்திருக்கிற சின்ன சார்ஜர்தான் பேட்டரி டெண்டர் ஜூனியர். அதை வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: உங்கள் வண்டியில் இருப்பது சாதாரண லெட் ஆசிட் அல்லது ஏஜிஎம் (அதே லெட் ஆசிட்தான், தண்ணீர் ஊற்ற முடியாதபடி மூடிய வகை) பேட்டரி, வண்டி நிற்கிற இடத்தில் ஒரு ப்ளக் பாயிண்ட் இருக்கிறது என்றால் யோசிக்காமல் வாங்குங்கள்.

12 வோல்ட், 0.75 ஆம்பியர், அவ்வளவுதான் இது கொடுக்கும். இவ்வளவு குறைவா என்று தோன்றும், ஆனால் பெரும்பாலான பைக் பேட்டரிகளின் கொள்ளளவு 8-லிருந்து 14 ஆம்பியர்-மணிக்குள்தான் இருக்கும், பாதி இறங்கிய பேட்டரியை இது ஏறக்குறைய ஒரு ராத்திரியில் ஏற்றிவிடும். கார் பேட்டரிக்கு வைத்திருக்கிற 10 ஆம்பியர் சார்ஜரை இந்தச் சின்ன பேட்டரியில் மாட்டினால் அது சூடாகிக் கெட்டுப்போகும். அதைவிட முக்கியம், பேட்டரி நிறைந்த பிறகு இது என்ன செய்கிறது என்பது. வோல்டேஜைத் தானாகவே 13 சொச்சத்துக்கு இறக்கி, இழப்பை ஈடுகட்டுகிற அளவுக்கு மட்டும் கரண்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். மலிவான பழைய ட்ரிக்கிள் சார்ஜர்களுக்கு இந்த அறிவு கிடையாது, நிறைந்தாலும் தள்ளிக்கொண்டே இருக்கும், உள்ளே நீர் வற்றும். மூடிய ஏஜிஎம் பேட்டரியில் நாம் தண்ணீர் ஊற்றவும் முடியாது, அதோடு கதை முடிந்தது.

விளக்குகள் எளிது. சிவப்பு நிலையாக எரிந்தால் சார்ஜ் ஆகிறது, அதோடு பச்சையும் மினுக்கினால் 80 சதவீதம் தாண்டிவிட்டது, பச்சை மட்டும் நிலையாக எரிந்தால் நிறைந்துவிட்டது. சிவப்பு மட்டும் மினுக்கினால் பேட்டரியோடு இணைப்பு சரியில்லை, டெர்மினலைப் போய்ப் பாருங்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கூடவே வரும் வளையம் வைத்த வயர். முதலைக் கிளிப்பும் தருகிறார்கள், ஆனால் வளையத்தை ஒருமுறை பேட்டரி டெர்மினலில் முடுக்கிவிட்டு, இணைப்பு முனையை சீட்டுக்கு வெளியே எட்டுகிற மாதிரி விட்டுவிட்டால், பிறகு சீட்டைக் கழற்ற வேண்டியதே இல்லை. அந்த வயரிலேயே ஃப்யூஸும் இருக்கிறது. முனைக்கு ரப்பர் மூடி உண்டு, வண்டி ஓட்டும்போது அதை மூடியே வையுங்கள். முடுக்கும்போது ஒரு சின்னத் தொல்லை: பல பேட்டரிகளில் போல்ட்டைக் கழற்றியதும் அடியில் இருக்கிற சதுர நட்டு கீழே இறங்கிவிடும், வளையத்தையும் வண்டியின் வயரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருப்பினால் மரையில் உட்காரவே உட்காராது. நட்டுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகிவிடுங்கள், நட்டு மேலே நிற்கும், வேலை நிமிடத்தில் முடியும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், இதை மாற்றிச் செய்யாதீர்கள்.

குளிர்தான் பேட்டரியைக் கொல்கிறது என்று பலரும் சொல்வது பாதிதான் சரி. குளிரில் பேட்டரி தானாக இறங்குவது உண்மையில் மெதுவாகும், வெயிலில்தான் வேகம். கெடுப்பது வேறு இரண்டு. கடிகாரம், அலாரம், இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற இசியூ கணினி எல்லாம் வண்டி நிற்கும்போதும் சொட்டுச் சொட்டாகக் கரண்டை இழுக்கும். இறங்கிய பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. போதாததற்கு, முழு சார்ஜில் இருக்கிற பேட்டரி இங்கே விழுகிற எந்தக் குளிரிலும் உறையாது, ஆனால் முழுக்க இறங்கியது மைனஸ் பத்து வாக்கிலேயே உறைந்து வெடிப்பு விடலாம். தனிக் கட்டடமாக நிற்கிற கராஜ்களில் ஜனவரி ராத்திரி அதற்கும் கீழே சர்வசாதாரணமாகப் போகும்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும் என்று சொல்கிற நண்பர்கள் எல்லோருக்கும் இருப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் தருவது சொற்பம், ஸ்டார்ட்டர் தின்றதே திரும்பாமல் போகலாம், இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் ஆயிலிலும் சைலன்ஸரிலும் ஈரம் தங்கும்.

காண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருக்கிறவர்களுக்கு, அதாவது பாதாளப் பார்க்கிங்கில் ப்ளக் பாயிண்ட் இல்லாதவர்களுக்கு, இந்த சார்ஜர் கட்டாயம் இல்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மாதம் ஒருமுறை மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சும்மா விடுங்கள், 12.4-க்கு வந்துவிட்டால் சார்ஜ் போடுங்கள். அதற்கும் இதே ஜூனியர் போதும், கிளிப்பில் மாட்டி ஒரு ராத்திரி விட்டால் சரி.

லித்தியம் பேட்டரி போட்டிருக்கிறவர்கள் சாதாரண ஜூனியரை வாங்க வேண்டாம், லித்தியத்துக்கென்று குறித்ததைத்தான் வாங்க வேண்டும். நோகோ என்கிற வேறு கம்பெனியின் ஜீனியஸ் 1 சார்ஜரில் லித்தியம் முறை இருக்கிறது, 6 வோல்ட் பழைய வண்டிக்கும் ஆகும். எதை வாங்கினாலும் லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள், பேட்டரியை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். ஜூனியரிடம் இன்னொரு குறை, முழுக்கச் செத்துவிட்ட பேட்டரியை அது கண்டுகொள்ளாது, கொஞ்சமாவது வோல்டேஜ் மிச்சம் இருந்தால்தான் வேலையைத் தொடங்கும். ஜீனியஸில் அதைக் கட்டாயப்படுத்தித் தொடங்க வழி உண்டு. ஆனால் வண்டியை நிறுத்துகிற அன்றே மாட்டிவிடுகிறவர்களுக்கு அது தேவைப்படவே போவதில்லை.

கராஜ் ப்ளக் பாயிண்ட்டில் டெஸ்ட், ரீசெட் பொத்தான் இருக்கிற வகையாக இருந்தால் ஈரத்தில் அது தானாகத் துண்டித்துக்கொள்வது உண்டு, அதனால் குப்பை போடப் போகும்போது விளக்கு எரிகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். வீட்டில் இரண்டு பைக் இருந்தால் இரண்டு சார்ஜர் வேண்டாம். வளைய வயரை மட்டும் தனியாக விற்கிறார்கள், இன்னொன்று வாங்கி அடுத்த வண்டியிலும் முடுக்கிவிட்டு, ஒரே ஜூனியரை வாரம் மாற்றி வாரம் மாட்டினாலே இரண்டும் நிறைந்தே இருக்கும்.