மெர்க்யூரியலா, கப்ரீஷியஸா, வாலடைலா?

ஒரு நிலையில் நில்லாத மனத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் இருந்தும், தமிழில் எழுதும்போது அவை அனைத்தையும் ‘சலனபுத்தி’ என்ற ஒரே பட்டியில் அடைத்துவிடுகிறோம். அவற்றுள் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவது மெர்க்யூரியல் என்பது என் கருத்து.

அச்சொல் உரோமர்களின் மெர்க்யூரி தெய்வத்திலிருந்தும் அப்பெயர் தாங்கிய புதன் கோளிலிருந்தும் பிறந்தது. ஐரோப்பிய ஜோதிடத்தில் புதனின் ஆதிக்கத்தில் பிறந்தவர் வாக்கு வன்மையும் வணிகச் சாமர்த்தியமும் சுறுசுறுப்பும் உடையவர். (நம் ஜோதிடமும் புதனுக்கு ஏறக்குறைய இவற்றையே தருகிறது, கூடவே, சேர்ந்த கிரகத்தின் குணத்தை அவன் ஏற்பான் என்றும் சொல்கிறது.) மைனஸ் 39 டிகிரி செல்சியஸ் வரை உறையாமல் உருண்டோடும் பாதரசத்துக்கும் அதே பெயர் அமைந்ததால், சொல்லில் சஞ்சலமும் ஏறிக்கொண்டது. ஆனால் பழைய பாராட்டு முழுவதும் கழன்றுவிடவில்லை. ஆங்கில விளையாட்டுச் செய்தியாளர்கள் பாகிஸ்தான் கிரிக்கெட் அணிக்கு இந்த அடைமொழியைத் திரும்பத் திரும்பச் சூட்டுவதைப் பார்த்தால் இது விளங்கும். 1992 உலகக் கோப்பையில் அடிலெய்டில் இங்கிலாந்திடம் 74 ரன்னுக்குச் சுருண்டு, மழையால் தப்பிய அதே அணி, மெல்பர்ன் இறுதிப் போட்டியில் அதே இங்கிலாந்தை 22 ரன் வித்தியாசத்தில் வென்றது. 2017 சாம்பியன்ஸ் டிராபியின் தொடக்கத்தில் இந்தியாவிடம் படுதோல்வி கண்டு, இறுதிப் போட்டியில் அதே இந்தியாவை 180 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியது. திறமை இருந்தாலொழிய இந்த அடைமொழி ஒட்டாது.

கப்ரீஷியஸ் என்பதில் அத்தகைய ஒளி எதுவும் இல்லை. காரணம் சொல்லாத மாற்றத்தை, பெரும்பாலும் அதிகாரம் உள்ளவரின் மாற்றத்தை அது சுட்டுகிறது. தமிழக அரசுக்கு எதிரான ராயப்பா வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம், சமத்துவம் சட்டத்தின் ஆட்சிக்கு உரியது என்றும், தன்னிச்சைப் போக்கு வரம்பற்ற மன்னனின் மனம்போன போக்குக்கு உரியது என்றும் கூறியபோது, ஆங்கிலத் தீர்ப்பில் எடுத்தாண்டது இதன் பெயர்ச்சொல்லான கப்ரிஸ் என்பதைத்தான். நேற்று அளித்த விடுப்பை இன்று காரணமின்றி ரத்து செய்யும் மேலதிகாரியை மெர்க்யூரியல் என்று எழுதினால், அவருக்கு இல்லாத மேதைமையை நாமே வழங்கியதாகும், அவர் கப்ரீஷியஸ்.

வாலடைல், பறத்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்து, எளிதில் ஆவியாகும் பொருள்களுக்கும், பின்னர் பங்குச் சந்தைக்கும் உரியதாயிற்று. மனிதரைப் பற்றி வரும்போது அது முன்கோபத்தை நெருங்குகிறது: மெர்க்யூரியல் மனிதர் எரிச்சலிலிருந்து உற்சாகத்துக்கும் தாவலாம், வாலடைல் மனிதரிடம் நாம் எதிர்பார்ப்பது வெடிப்பை மட்டுமே.

ஃபிக்கிள் என்பது பற்றுறுதி இன்மை. ரசிகர்களுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் பொருந்தும். தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாற்றி வாக்களிப்பவரையும் அவ்வாறு எழுதுவதுண்டு. அவரிடம் தக்க காரணம் இருந்திருக்கக்கூடும் என்பதால், நான் அங்கே அச்சொல்லைத் தவிர்ப்பேன்.